எட்டாவது போர்டு



போன மாதம் நம் இலத்தூர் படிப்பகத்துக் கேரம் போர்டைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. "சார், டியூஷனுக்குப் போறோம்னு வீட்ல சொல்லிட்டு அங்கதான் கெடப்போம். உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். தெரியும்லே. ஜன்னல் வழியாகக் காய் விழுகிற சத்தம் குளக்கரை வரைக்கும் கேட்கும். தெரிந்துதான் பேசாமல் போனேன்.

இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். கடைசி போர்டில் பின்தங்கி நிற்கிறவன் என்ன செய்ய வேண்டும்? ஒருவன் துபாயில் கம்பெனிப் போட்டியில் ஆடுகிறவன். அவனுக்கு ஆட்டத்துக்காக வேண்டும். இன்னொருவன், "முன்ன ஒருநாள் ராத்திரி போன்ல எனக்குச் சொன்னீங்களே, அந்தக் கணக்கை எல்லாருக்கும் எழுதுங்க சார்" என்று தனியாகச் செய்தி அனுப்பியிருந்தான். அவன் கதையையும் அவன் அனுமதியோடு பின்னால் சொல்கிறேன், பெயர் இல்லாமல். பதிவு நீளம்தான். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆட்டத்தின் விதி. நம் ஊரில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50 என்று கூட்டி ஆடுவோம். திண்ணை ஆட்டத்துக்கு அது போதும். போட்டி ஆட்டம் வேறு. வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1. பிரேக் அடிப்பவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. யார் தன் காய்கள் ஒன்பதையும் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு அந்த போர்டு. அப்போது எதிராளியின் காய்கள் எத்தனை மிச்சம் கிடக்கின்றனவோ அத்தனை பாயிண்ட். ரெட்டை எடுத்து ஃபாலோவும் போட்டு, போர்டையும் ஜெயித்தால் கூட 3. 25 பாயிண்டை முதலில் தொட்டவர் கேமை ஜெயித்தார். 25 யாரும் தொடாவிட்டால் எட்டு போர்டோடு ஆட்டம் முடியும், அப்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கு வெற்றி. சமமாக இருந்தால் கூடுதலாக ஒரு போர்டு.

இதில் ஒரு சின்ன முடிச்சு உண்டு. 21 பாயிண்ட் வரைதான் ரெட்டுக்கு 3. 22-ஐத் தொட்டவருக்கு ரெட்டினால் பாயிண்ட் ஏறாது. அதனால் 21-ல் நிற்பவர் ரெட்டும் ஒரே ஒரு காயும் கிடைத்தால் 25-க்குப் போய்விடுவார். 22-ல் நிற்பவருக்கு மூன்று காய் வேண்டும். முன்னால் நிற்பவருக்கு எப்போதும் வழி சுலபம் என்று நினைக்கக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்கில்தானே ஆரம்பிப்பேன்.

ஒரு போர்டில் அதிகபட்சம் எத்தனை பாயிண்ட் எடுக்கலாம்? எதிராளி ஒரு காயும் போடவில்லை என்றால் 9. ரெட் 3. மொத்தம் 12. அதற்கு மேல் இல்லை. ஆகவே எட்டாவது போர்டு தொடங்கும்போது 13 பாயிண்ட் பின்தங்கியிருந்தால் கேம் முடிந்துவிட்டது. மரிய இருதயமே வந்து உட்கார்ந்தாலும் முடிந்ததுதான். 12 பின்தங்கியிருந்தால் எதிராளியை ஒரு காய்கூடப் போட விடாமல் முடித்து சமன் செய்யலாம், அவ்வளவுதான்.

மற்ற வித்தியாசங்களுக்கு இதே போலக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பாயிண்ட் பின்னால் என்றால் போர்டை ஜெயித்தால் குறைந்தது சமன், எதிராளிக்கு இரண்டு காய் மிஞ்சினால் வெற்றி, ரெட்டைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை. மூன்று பின்னால் என்றால் ரெட்டும் வெற்றியும் சேர்ந்தாலே நான்கு, போதும். ஏழு பின்னால் என்றால் ரெட்டும் ஐந்து காயும் வேண்டும், எதிராளி ஐந்தாவது காயைப் போடுவதற்குள் நாம் ஒன்பதையும் முடிக்க வேண்டும். பத்து பின்னால் என்றால் ரெட்டும் எட்டு காயும், எதிராளிக்கு ஒரே ஒரு காய்தான் அனுமதி.

ஒரே பலகை, ஒரே காய்கள். ஆனால் ஒரு பாயிண்ட் பின்னால் நிற்பவன் ஆட வேண்டிய ஆட்டமும் பத்து பாயிண்ட் பின்னால் நிற்பவன் ஆட வேண்டிய ஆட்டமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. முதலாமவன் நிதானமாக, ஃபைன் விழாமல், எதிராளியின் குழியை அடைத்துக்கொண்டு ஆடலாம். இரண்டாமவன் அப்படி ஆடினால் போர்டை ஜெயித்துவிட்டு கேமைத் தோற்பான். படிப்பகத்தில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடைசி போர்டை ஜெயித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். ஸ்கோர் எழுதுகிற பையன் மெல்லச் சொல்லுவான்: "அண்ணே, ரெண்டு பாயிண்ட் பத்தல."

பெரிய வித்தியாசத்தைத் துரத்துகிறவன் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, ரெட்டுக்கான ஃபாலோ காயை முதலிலேயே நேர்ந்துவிட்டு வைத்திருக்க வேண்டும். குழி வாயில் நிற்கிற சுலபமான காயைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். போட்டுவிடக் கூடாது. அது ஃபாலோவுக்கு. சுலபமான காய்களையெல்லாம் முதலில் தள்ளிவிட்டு, ரெட் விழுந்த பிறகு ஃபாலோவுக்குக் கஷ்டமான காயை வைத்துக்கொண்டு விழிப்பதுதான் நம் பையன்களின் பழைய வியாதி.

இரண்டு, எதிராளியின் காய்களைக் கலைக்காமல் இருப்பது. கும்பலாக ஒட்டிக் கிடக்கும் அவருடைய காய்களைப் பலமாக அடித்து உடைத்தால் அவருக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. நம் காயைக் கும்பலின் ஓரத்திலிருந்து உரித்தெடுக்க வேண்டும். அவர் காய் ஒன்று தப்பித் தவறி நம் அடியில் குழிக்குள் போனால், ஒரு பாயிண்ட் நம் பையிலிருந்துதான் போகிறது.

மூன்று, வாய்ப்பு ஒரு முறைதான் வரும் என்று எண்ணி ஆடுவது. சின்ன வித்தியாசத்துக்கு நாலைந்து முறை மாறி மாறி ஆடினாலும் பரவாயில்லை. பெரிய வித்தியாசத்துக்கு ஒவ்வொரு முறை ஸ்ட்ரைக்கர் கைமாறும்போதும் எதிராளி ஒரு காயாவது போட்டுவிடுவார். அதனால் ஒரே கையில் ஐந்து, ஆறு காய் தொடர்ந்து போகும் வரிசை எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். இப்போது போடுகிற காயைவிட அடுத்து போடப் போகிற காய்க்கு வழி திறக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நான்கு, தேவையான எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காமல் இருப்பது. எதிராளிக்கு ஒரு ஃபைன் விழுந்தால் அவருடைய காய் ஒன்று நடுவட்டத்துக்குத் திரும்ப வருகிறது. நமக்கு ஒரு பாயிண்ட் கூடுகிறது. அந்த நிமிடமே கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் போட்ட கணக்கை வைத்து ஆடக் கூடாது.

முன்னால் நிற்கிறவருக்கும் ஒரு வேலை உண்டு. அவர் ஜெயிக்கக்கூட வேண்டாம், எதிராளிக்குத் தேவையான பாயிண்ட் கிடைக்காமல் செய்தால் போதும். அதற்கு மிகச் சுருக்கமான வழி ரெட்டை எடுத்து ஃபாலோ போட்டுவிடுவது. போர்டைத் தோற்றால் அவருக்கு அந்த மூன்று பாயிண்ட் சேராது, ஆனால் துரத்துகிறவருக்கும் கிடைக்காது. அதோடு, ரெட்டைத் தொட வேண்டுமானால் முதலில் தன் காய் ஒன்றாவது போட்டிருக்க வேண்டும், ஃபாலோவுக்கு இன்னொன்று. ஆக அவருடைய காயில் இரண்டு போய்விட்டன, மிச்சம் ஏழு. ஃபைன் எதுவும் விழாத வரை, துரத்துகிறவருக்கு ஏழுக்கு மேல் வழியில்லை. எட்டு பாயிண்ட் முன்னால் நிற்கிறவர் ரெட்டுக்கு ஃபாலோ போட்ட அந்த நிமிடமே பெருமூச்சு விடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 80-களில் என்று வையுங்கள், தென்காசியில் நடந்த ஒரு போட்டிக்கு ஸ்கோர் எழுதப் போயிருந்தேன். நம் பக்கத்திலிருந்து ஆடியவர் ஒரு சைக்கிள் கடை அண்ணாச்சி. சாரல் காலம். குற்றாலத்துக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் போர்டு மந்தமாகும், காய் பாதி வழியில் நின்றுவிடும். எவ்வளவு போரிக் பவுடர் தூவினாலும் அரை மணி நேரத்தில் திப்பியாகிவிடும். பல்பைத் தாழ இறக்கிப் பலகைக்குச் சூடு காட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு போர்டு முடிந்தபோது 20-க்கு 11. அண்ணாச்சி 9 பின்னால். எட்டாவது போர்டுக்கு பிரேக் அவருடையது. சுற்றி நின்றவர்கள் "அடிச்சு நொறுக்குங்க அண்ணாச்சி" என்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "ரெட்டோட ஏழு மிஞ்சணும், என்ன சார்?" என்று கேட்டார். "ஆமா, ஆறுன்னா சமன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பிரேக்கைப் பலமாக அடிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தார். எல்லாருக்கும் ஏமாற்றம். எனக்கு மட்டும் புரிந்தது. கறுப்பெல்லாம் நடுவில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெள்ளை நாலு மட்டும் வலது பக்கம் பிரிந்து வந்திருந்தன.

இரண்டு வெள்ளை போட்டார். மூன்றாவது குழி வாயிலேயே நின்றது, தொடவில்லை. ரெட்டை ஒரு மெல்லிய கட்டில் எடுத்து, அந்தக் காயை ஃபாலோவாகப் போட்டார். அதன் பிறகு அடி தவறியது. எதிராளி ஒன்று போட்டார், இரண்டு போட்டார். கும்பல் இறுக்கமாகக் கிடந்ததால் மூன்றாவதற்கு வழியில்லை. திரும்ப அண்ணாச்சி கைக்கு வந்தபோது மூன்று வெள்ளை. மறுபடி தவறியது. எதிராளி மூன்றாவது கறுப்பைப் போட்டுவிட்டார். கடைசி மூன்று வெள்ளையையும் அண்ணாச்சி ஒரே கையில் முடித்தார். மிச்சம் ஆறு கறுப்பு, ரெட் மூன்று. 20-க்கு 20.

கூடுதல் போர்டில் தோற்றார். எதிராளி அன்று நல்ல கையில் இருந்தார்.

வெளியே டீக்கடையில் நின்றபோது எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஒம்பது வேணும்னு தெரிஞ்சு ஒம்பது எடுத்தேன் சார். அதுக்கு மேல உள்ளது அவன் கை." இன்னொரு முறை 14 பின்தங்கி எட்டாவது போர்டுக்கு வந்தபோது இதே மனிதர் சிரித்துக்கொண்டே, "இது பழக்கத்துக்கு ஆடுற போர்டு" என்று சொல்லிவிட்டு, அதுவரை வராத ஒரு பின்னடியை அந்த போர்டு முழுக்க அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்பதுக்கு உயிரைக் கொடுத்து ஆடத் தெரிந்த மனிதருக்குப் பதினாலுக்கு விட்டுவிடவும் தெரிந்தது.

இந்தக் கணக்கு கேரத்துக்கு மட்டும் உரியதில்லை என்று எனக்குக் காட்டியவன், ஜப்பானில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன். ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது மாஜோங் என்ற ஆட்டத்தைப் பற்றிச் சொன்னான். நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது. நம் ரம்மி போலச் சேர்க்கை சேர்ப்பதுதான், சீட்டுக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டைகள். ஜப்பான் முறையில் பொதுவாக ஆளுக்கு 25,000 பாயிண்டோடு தொடங்குவார்கள். கிழக்குச் சுற்றில் நாலு கை, தெற்குச் சுற்றில் நாலு கை, ஆக எட்டு. கை பரிமாறுபவரே ஜெயித்தால் அந்தக் கை திரும்ப ஆடப்படும், அப்போது கொஞ்சம் நீளும். கடைசிக் கைக்கு அங்கே தனிப் பெயரே உண்டு: ஓராசு.

"எட்டு கையா? நம்ம கேரம் மாதிரியே இருக்கே" என்றேன். "கணக்கும் அதே சார்" என்றான். கடைசிக் கையில் உட்காரும்போது கட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் மற்ற மூவரின் பாயிண்டைப் பார்ப்பார்களாம். உதாரணத்துக்கு, 8,000 மதிப்புள்ள சேர்க்கை ஒன்று நம்மிடம் உருவாகிறது. முதலிடத்தில் இருப்பவர் கழித்த கட்டையை எடுத்து அதை முடித்தால் 8,000 முழுதும் அவரிடமிருந்தே வரும். நமக்கு 8,000 ஏறும், அவருக்கு 8,000 இறங்கும், இடைவெளி 16,000 குறையும். அதே சேர்க்கையை நாமே கட்டை எடுத்து முடித்தால் மூவரும் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். இடைவெளி 10,000 அல்லது 12,000 மட்டும் குறையும். 15,000 பின்னால் நிற்கிறவன் யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று பார்க்காமல் முடித்தால், கையை ஜெயித்துவிட்டு இரண்டாமிடத்தில் உட்கார்ந்திருப்பான். நம் படிப்பகத்தில் "ரெண்டு பாயிண்ட் பத்தல" என்றானே, அதே கதை.

அவன் சொன்னதில் என் மனதில் தங்கியது வேறொன்று. நாலு பேர் ஆட்டம் என்பதால் அங்கே எல்லாருக்கும் இலக்கு முதலிடம் இல்லை. நாலாவதாக நிற்கிறவனுக்கு முதலிடம் 30,000 தூரத்தில் இருக்கலாம், மூன்றாமிடம் 2,000 தூரத்தில் இருக்கலாம். நல்ல ஆட்டக்காரன் அந்த 2,000-க்கு ஒரு சின்னச் சேர்க்கையைச் சேர்த்து முடித்துவிட்டு எழுந்து போவானாம். கேரத்தில் இருவர்தான், ஜெயிப்பு அல்லது தோற்பு. வாழ்க்கை அந்த நாலு பேர் ஆட்டம் மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கே நினைத்தேன்.

சதுரங்கத்திலிருந்து ஒரு சம்பவம். 1987-ல் ஸ்பெயினின் செவில் நகரில் காஸ்பரோவும் கார்போவும் உலகப் பட்டத்துக்கு ஆடினார்கள். 24 ஆட்டம். 23-வதில் தோற்ற காஸ்பரோவ் ஒரு புள்ளி பின்னால். கடைசி ஆட்டத்தை ஜெயித்தால்தான் 12-க்கு 12 ஆகி பட்டம் அவரிடமே நிற்கும். டிரா ஆனால்கூடப் பட்டம் போய்விடும். எடுத்த எடுப்பில் பாய்ந்து அடிப்பார் என்றுதான் யாரும் நினைப்போம். அவர் மெதுவான தொடக்கத்தை எடுத்தார். காய்களை வெட்டிக் குறைக்காமல் பலகையில் நிறுத்தி வைத்தார். டிராவே போதும் என்று நிற்கிற எதிராளிக்குக் காய்கள் குறையக் குறைய நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுக்காமல், மணிக்கணக்கில் சின்னச் சின்ன முடிவுகளை எடுக்க வைத்தார். ஆட்டம் மறுநாளுக்கும் நீண்டது. ஜெயித்தார். தேவை ஒரு வெற்றி, அதற்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி என்பது அவர் கணக்கு. அவசரம் தேவைப்படாத இடத்தில் அவசரப்படாமல் இருப்பதும் துரத்தலில் ஒரு வகை.

இனி அந்த இன்னொரு மாணவன்.

2023-ல் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு போன். "சார், தூங்கிட்டீங்களா?" என்றான். குரலே சரியில்லை. செல்போனில் பணம் வைத்து ரம்மி ஆடி, ஒன்றரை வருடத்தில் 3,40,000 ரூபாய் விட்டிருக்கிறான். பாதி நண்பர்களிடம் வாங்கியது, பாதி வட்டிக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாது. கையில் 20,000 இருக்கிறது, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்தது. "இன்னைக்கு ஒரே ஒரு நாள் சார். விட்டதை எடுத்துட்டா இந்த ஜென்மத்துல தொட மாட்டேன். கடைசி போர்டுல அண்ணாச்சி புடிச்ச மாதிரி." நான் வகுப்பில் சொன்ன கதையையே எனக்குத் திருப்பிச் சொன்னான்.

திட்டவில்லை. "பேப்பர், பேனா எடு" என்றேன். எடுத்தான்.

"20,000 வெச்சிருக்க. 3,40,000 மீக்கணும்னா கையில எவ்வளவு ஆகணும்?" "3,60,000 சார்." "ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் வெச்சு ஜெயிக்கிறன்னு வெச்சுக்கோ. எழுது. 40, 80, 160, 320. நாலு தடவை ஜெயிச்சும் பத்தல. அஞ்சாவது தடவையும் ஜெயிக்கணும். எதிர்ல இருக்கவன் உன்னை மாதிரியே ஆடுறவன்னா ஒரு தடவைக்குப் பாதிக்குப் பாதி. அஞ்சு தடவை தொடர்ந்துன்னா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "32-ல ஒண்ணு சார்." பத்தாம் வகுப்பில் நிகழ்தகவில் முழு மதிப்பெண் வாங்கியவன்தான்.

அடுத்து இன்னொரு கணக்கு கொடுத்தேன். சமமாக ஆடும் இருவர், ஆளுக்கு 1,000 ரூபாய். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 வைக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிறவன் 200-ல் 20 ரூபாயை எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 50 ஆட்டம் முடிந்தால் நடத்துகிறவனிடம் 1,000 சேர்ந்திருக்கும். 100 ஆட்டத்துக்கான பணம் இருவரிடமும் சேர்ந்து இருந்த 2,000-தான், அது முழுக்க அவனிடம் போயிருக்கும். யார் ஜெயித்தார்கள் என்பது நடுவில் நடந்த வேடிக்கை.

"அண்ணாச்சிக்கு எட்டு போர்டு. எட்டோட முடிஞ்சது. நீ ஆடுற ஆட்டத்துல எத்தனையாவது போர்டு கடைசி?" என்று கேட்டேன். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு. ஜெயித்தால் இன்னொன்று, தோற்றால் இன்னொன்று. கடைசிக் கை என்று நாம்தான் பெயர் வைக்கிறோம், ஆட்டம் அப்படி வைப்பதில்லை. எட்டாவது போர்டு இல்லாத ஆட்டத்தில் துரத்திப் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். முதலில் 20,000-ஐப் பள்ளியில் கட்டச் சொன்னேன். பிறகு அவன் மனைவியிடம் அவனையே சொல்ல வைத்தேன். அந்தப் பிள்ளை அழுதது, திட்டியது, பிறகு அதுவே பேப்பரை வாங்கி யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதியது. "முதலிடம் உனக்கு இப்ப 30,000 தூரத்துல இருக்கு, அதைப் பாக்காத. நாலாம் இடத்துலேர்ந்து மூணுக்கு வா" என்று மாஜோங் கதையைச் சொன்னேன். வட்டிக்காரரை முதலில் முடிப்பது, நண்பர்களுக்கு மாதம் இவ்வளவு என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது. மாதம் 8,000. 3,40,000-க்கு 43 மாதம். "அவ்வளவு நாளா சார்?" என்றான். காஸ்பரோவ் கதையை அப்போது சொல்லவில்லை, இப்போது இதைப் படிக்கும்போது அவனுக்கே புரியும்.

பாதிக்கு மேல் தாண்டிவிட்டான். இடையில் இரண்டு மாதம் தவறியது. அந்த மாதமே மனைவி கணக்கைத் திருத்தி எழுதிவிட்டது. ஃபைன் விழுந்தால் உடனே கணக்கைத் திருத்து என்று மேலே சொன்னேனே, அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து இணையத்தில் ஆடக் கூடாது என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு இணைப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது என்று பையன்கள் சொல்கிறார்கள். சட்டம் வாசலைத்தான் பூட்டும். உள்ளே இருக்கிற "இன்னும் ஒரே ஒரு கை" என்ற குரலை நாம்தான் பூட்ட வேண்டும். தனியாக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அல்லது என் நம்பர் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கும் எடுப்பேன்.

கேரத்தை இதோடு சேர்த்துக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், மூன்று தங்கம் வாங்கி வந்தது. பத்துக்குப் பத்து அறையும் ஒரு பலகையும் இருந்தால் போதும் என்பதால்தான் இந்த ஆட்டம் இத்தனை எளிய வீடுகளுக்குள் போயிருக்கிறது.

துபாய்த் தம்பிக்கு: உன் கேள்விக்குப் பதில் இதுதான். எட்டாவது போர்டுக்கு உட்கார்ந்ததும் ஸ்ட்ரைக்கரைத் தொடாதே. எத்தனை வேண்டும், எதிராளி எத்தனை போடலாம், ரெட் அவசியமா என்ற மூன்றையும் மனதுக்குள் சொல்லிக்கொள். 13 என்று வந்தால் சிரித்துக்கொண்டு கை கொடு. 12-க்குள் என்றால் ஃபாலோ காயை நேர்ந்துவிட்டு ஆடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அ 21, ஆ 23. எட்டாவது போர்டு. அ ரெட்டுக்கு ஃபாலோ போட்டு போர்டை ஜெயிக்கிறார், ஆ-வின் காய் ஒன்றுதான் மிச்சம். கேம் யாருக்கு? ரெட்டை எடுத்து ஃபாலோ போட்டு போர்டை ஜெயித்தது ஆ-வாக இருந்து, அ-வின் காய் ஒன்று மிஞ்சியிருந்தால் ஸ்கோர் என்ன? விடையைக் கமெண்டில் போடுங்கள். வெறும் விடை வேண்டாம், வழிமுறையும் வேண்டும். வழிமுறைக்குத்தான் மதிப்பெண் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாரும் நல்லாயிருங்க.

உங்கள் கணக்கு சார்,
இலத்தூர்